தஸ்காவுக்குக் காரணம் கேட்காதீர்கள்: ரஷ்ய வட்டாரக் கதைகளில் உணர்ச்சி வினைகளும் அவற்றின் கூட்டாளிகளும்

மாஸ்கோக்காரர் ஒருவர் தூரத்தில் இருக்கும் ஆளை நினைத்து ஏங்கினால் 'ஸ்குச்சாயு ப திபே' என்று எழுதுவார். அதே ஏக்கத்தைத் தெற்கே, டான் ஆற்றுப் பக்கமோ குபான் பக்கமோ வளர்ந்தவர் 'ஸ்குச்சாயு ஸ தபோய்' என்று சொல்லக்கூடும். வினை ஒன்றுதான்: ஸ்குச்சாத், அதாவது ஏங்குவது. மாறியிருப்பது நடுவில் நிற்கும் ஒரு குட்டிச் சொல்லும், அதை ஒட்டி 'நீ' எடுத்துக்கொண்ட வேற்றுமை வடிவமும் மட்டுமே. இலக்கணப் புத்தகம் இரண்டாவது வடிவத்தைத் தவறு என்று தள்ளிவிடும். ஆனால் நாவலில் ஒரு பாத்திரம் வாயைத் திறந்து அந்த 'ஸ'வைச் சொல்லிவிட்டால் போதும், ஆள் தெற்கத்திக்காரர் என்று ரஷ்ய வாசகருக்குப் புரிந்துவிடும். பக்கத்திலேயே இருக்கும் உக்ரேனிய மொழியில் ஏங்குவதற்கு இந்த 'ஸ' கட்டுதான் முறையான வழக்கு. எல்லையோரப் பேச்சில் அது கலந்திருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

வட்டார இலக்கியம் என்றதும் நாம் வழக்கமாகத் தேடுவது விசித்திரமான பெயர்ச்சொற்களைத்தான். அடுப்புக்கு ஒரு பெயர், படகுக்கு ஒரு பெயர், உள்ளூர்ச் சாப்பாட்டுக்கு ஒரு பெயர், அடிக்குறிப்பில் விளக்கம். என் கணக்கில் அதெல்லாம் மேல்பூச்சு. ஒரு ஊர்க்காரர் எப்படிக் கோபப்படுகிறார், எதற்குப் பயப்படுகிறார், அந்த வினையோடு எந்தச் சொல்லை ஒட்டவைக்கிறார் என்பதில்தான் ஊர் இன்னும் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. அதைக் கவனிக்க ரஷ்ய மொழி முழுதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் இலக்கணம் போதும்.

சரி, அந்தக் கொஞ்சம் இலக்கணம். ஒரு வினை தனியாக வாழ்வதில்லை, தன்னைச் சுற்றிச் சில காலி இடங்களை வைத்துக்கொண்டுதான் வருகிறது. 'கொடு' என்றால் யார், எதை, யாருக்கு என்று மூன்று இடங்கள். லூசியன் தெனியேர் என்ற பிரெஞ்சு மொழியியலாளர், 1959-இல் அவர் மறைவுக்குப் பிறகு வெளிவந்த நூலில், வினையை ஒரு குட்டி நாடகம் என்றார்: வினை நடக்கும் சம்பவம், பெயர்ச்சொற்கள் அதில் நடிப்பவர்கள். எத்தனை நடிகர்கள் வேண்டும், ஒவ்வொருவரும் என்ன வேற்றுமை உடுத்தி வர வேண்டும் என்பதை வினையே முடிவு செய்கிறது. மொழியியலில் இதற்கு வேலன்ஸி என்று பெயர், வேதியியலில் அணுவின் இணைதிறனுக்குச் சொல்கிறார்களே, அதே சொல்.

ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமைகள். உணர்ச்சி வினைகள் அந்த ஆறில் எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஊரெல்லாம் சிதறிக் கிடக்கின்றன. நேசிப்பது (லியுபீத்) நம் 'ஐ' உருபு மாதிரியான நேர்ச் செயப்படுபொருளை எடுக்கும். மகிழ்வது (ராதவத்ஸா) 'கு' மாதிரியான வேற்றுமையை எடுக்கும், வசந்தம் வந்ததில் மகிழ்கிறேன் என்பதை 'வசந்தத்துக்கு மகிழ்கிறேன்' என்பதுபோலத்தான் சொல்வார்கள். பெருமைப்படுவது (கர்தீத்ஸா) 'ஆல்' மாதிரியான கருவி வேற்றுமையை எடுக்கும், மகனால் பெருமைப்படுவது. கோபப்படுவது (செர்தீத்ஸா) 'மேல்' என்று பொருள்படும் 'ந' என்ற முன்னுருபோடு, அதாவது பெயருக்கு முன்னால் நிற்கும் குட்டிச் சொல்லோடு, வரும். இது நமக்குப் பழகின கட்டுதான், நாமும் தம்பிமேல்தான் கோபப்படுகிறோம். பிரிந்து ஏங்குவதற்கு 'ப' என்ற முன்னுருபு. எந்த வினைக்கு எது என்று சொல்லும் ஒரே விதி கிடையாது, ரஷ்யக் குழந்தை கேட்டுக் கேட்டுப் பழகுகிறது, வெளியாள் மனப்பாடம் செய்கிறார். விதி இல்லாத இடம் என்பதால்தானோ என்னவோ வட்டார வழக்குகள் இங்கே இவ்வளவு தாராளமாக விளையாடுகின்றன.

பயத்தைப் பற்றி மட்டும் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். பயப்படுவதற்கு ரஷ்யச் சொல் பாயத்ஸா. 'பயப்படுகிறேன்' என்றால் பயூஸ். நம் பயம் மாதிரியே ஒலிக்கிறதே என்று சிரிக்க வேண்டாம், உண்மையிலேயே சொந்தம்தான்: நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட 'பய'மும் இந்த ஸ்லாவிய வினையும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. இந்த வினை எடுப்பது ஆறாம் வேற்றுமை போன்ற உடைமை வடிவத்தை. ஓநாய்க்குப் பயம் என்பதற்கு 'ஓநாயின் பயப்படுகிறேன்' என்பதுபோல ஒரு கட்டு. பார்க்கக் கோணலாக இருக்கிறது. ஆனால் ஸ்லாவிய மொழிகளில் பழைய நீங்கல் வேற்றுமை இந்த உடைமை வடிவத்துக்குள் கரைந்துபோனது என்று தெரிந்தால் கோணல் நிமிர்ந்துவிடும்: ஓநாயிடமிருந்து விலகுவது, அதுதான் பயம். பேச்சு ரஷ்யத்திலோ, அதுவும் பயப்படும் பொருள் தெரிந்த ஒரு மனுஷியாக இருந்தால், இது 'ஐ' வடிவத்துக்கு நழுவுகிறது. மாஷா என்ற பெண்ணுக்குப் பயப்படுவதை இலக்கணம் 'பயூஸ் மாஷி' என்று எழுதச் சொல்லும். பேசுகிறவர் வாயில் 'பயூஸ் மாஷூ' என்று வந்துவிடும்.

இதே ஊசலாட்டத்தைத் தொல்காப்பியர் தமிழில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்: 'அச்சக் கிளவிக்கு ஐந்தும் இரண்டும்'. அச்சத்தைக் குறிக்கும் சொல் ஐந்தாம் வேற்றுமையும் கொள்ளும், இரண்டாம் வேற்றுமையும் கொள்ளும். பழியின் அஞ்சுவதும் சரி, பழியை அஞ்சுவதும் சரி. மாஷிக்கும் மாஷூவுக்கும் நடுவே ரஷ்ய ஆசிரியர்கள் அடித்துக்கொள்வதைப் பார்க்கும்போது இந்தச் சூத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று தோன்றும்.

அடுத்தது, உணர்ச்சியின் சொந்தக்காரர் வாக்கியத்தில் எங்கே உட்கார்கிறார் என்பது. அவன் பொறாமைப்படுகிறான் என்றும் சொல்லலாம், அவனுக்குப் பொறாமையாக இருக்கிறது என்றும் சொல்லலாம். ரஷ்யத்திலும் அச்சு அசலாக இரண்டு வழியும் உண்டு. ஆங்கிலக்காரர்களுக்கு விளக்க ஒரு அத்தியாயம் தேவைப்படும் இந்த 'அவனுக்கு' கட்டு நமக்குப் பிறவியிலேயே தெரியும். போலந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மொழியியலாளர் ஆன்னா வியெர்ஸ்பிட்ஸ்கா 1992-இல் வெளியான நூலில் இந்த வேறுபாட்டைப் பிடித்துக் காட்டினார்: வினையாக வரும்போது மனிதன் அந்த உணர்ச்சிக்குள் தானே இறங்கி உழல்கிறான், 'அவனுக்கு' என்று வரும்போது உணர்ச்சி அவனைக் கேட்காமல் அவனுக்கு நேர்கிறது. இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. அங்கே உணர்ச்சியே எழுவாயாகிவிடும், மனிதன் வெறும் செயப்படுபொருள். 'மென்யா ஸ்லோ பெரியோத்' என்றால், சொல்லுக்குச் சொல், கோபம் என்னை எடுக்கிறது. நம்மூரில் பயம் பிடித்துக்கொள்வது மாதிரி.

கிராமத்தைப் பற்றி எழுதிய ரஷ்ய எழுத்தாளர்கள் இந்தக் கடைசிப் படியில் நிறையப் புழங்குகிறார்கள். 1950-களின் இறுதியிலிருந்து 70-கள் வரை அங்கே 'கிராம உரைநடை' என்று ஒரு அலையே இருந்தது: அல்தாய் மலைப்பக்கத்து ஸ்ரோஸ்த்கி கிராமத்தில் பிறந்த வசீலி ஷுக்ஷின், கிழக்கே அங்காரா ஆற்றங்கரையின் வலெந்தீன் ரஸ்பூத்தின், யெனிசேய் ஆற்றங்கரையின் விக்தர் அஸ்தாபியெவ், வடக்கே வோலக்தாவின் வசீலி பெலோவ், பினேகா ஆற்றங்கரையின் ஃபியோதர் அப்ராமவ். சைபீரியாவும் வடதுருவ ஓரமும் ஒரே ரஷ்யம் பேசுவதில்லை, ஆகவே இவர்களை ஒரே கூடையில் போட்டுப் படிப்பது சரியில்லை.

ஷுக்ஷினின் 'நம்புகிறேன்!' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியமே இந்தப் பாடம்தான்: ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தனிவகைத் தஸ்கா வந்து மேலே சாயும். தஸ்கா என்பது காரணம் தெரியாத ஏக்கம், சலிப்பு, நெஞ்சு அழுத்தம் மூன்றும் கலந்த ஒன்று, அதை அப்படியே விட்டுவிடுகிறேன். கவனிக்க வேண்டியது அதோடு சேர்ந்த வினை. நவாலிவத்ஸா என்பது மூட்டை, மரக்கட்டை, ஆள் பாரம் போன்றவை மேலே சரிந்து அழுத்துவதற்குச் சொல்வது. கதையின் நாயகன் மக்சீம் 'ஏங்கவில்லை'. தஸ்கா அவன்மேல் சாய்கிறது. அடுத்த வரிகளில் அது குடலுக்குள்ளிருந்து வருகிற, அரிக்கிற ஒன்றாக ஆகிறது, அப்புறம் வாய்நாற்றம் அடிக்கும் அழுக்கான ஒரு பெண்பிள்ளையாக மாறி அவனைத் தடவி முத்தமிட வருகிறது. ஒரே ஒரு வினையை மாற்றிப் போட்டதில் ஒரு மனநிலைக்கு உடம்பு முளைத்துவிட்டது.

அவன் மனைவி லியுதா கடுமையான உழைப்பாளி, தஸ்கா என்றால் என்னவென்று அறியாதவள் என்று ஷுக்ஷினே சொல்லிவிடுகிறார். அவள் கேட்பது: எதனால தஸ்கா? அதாவது, காரணம் என்ற காலி இடத்தை நிரப்பச் சொல்கிறாள். இது நியாயமான கேள்விதான், கோபம் என்றால் யார்மேல் என்று கேட்போம், பயம் என்றால் எதற்கு என்று கேட்போம். ஆனால் தஸ்கா அந்த இடத்தைக் காலியாகவே வைத்துக்கொண்டும் வாழக்கூடிய சொல். மக்சீமிடம் பதில் இல்லை, ஆத்மா வலிக்கிறது என்பதைத் தவிர. கணவன் மனைவிக்கு நடுவே உள்ள தூரம் முழுவதும் ஒரு வினையின் இடம் நிரம்புமா நிரம்பாதா என்பதில் அடங்கிவிடுகிறது. இதைப் பெரிய உளவியல் விவரிப்பு இல்லாமல் இரண்டு வரி வாக்குவாதத்தில் சாதித்ததால்தான் ஷுக்ஷின் எனக்கு இந்த வரிசையில் முதல் ஆள்.

தஸ்காவிலிருந்து பிறக்கும் வினைக்கு முன்னொட்டுகள் சேரும்போது இன்னொரு விளையாட்டு. வெறும் தஸ்கவாத் என்றால் ஏங்கிக்கொண்டிருப்பது. முன்னால் 'ஸ' சேர்த்தால் ஏங்கத் தொடங்கிவிட்டான், 'ப' சேர்த்தால் கொஞ்ச நேரம் ஏங்கினான், 'இஸ்' சேர்த்துக் கடைசியில் ஸா ஒட்டினால் ஏங்கி ஏங்கி ஓய்ந்தே போனான். கிராமியப் பேச்சில் இந்தக் கடைசி வகை அதிகம் வரும், ஒரு பாட்டி எதற்காகவாவது வருந்தினால் தேய்ந்து தீரும்வரை வருந்தினால்தான் அவளுக்குத் திருப்தி.

ஷலேத் என்ற வினையை அருகில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். நேர்ச் செயப்படுபொருளோடு வந்தால், மகனுக்காக இரக்கப்படுவது. 'அ' என்ற முன்னுருபோடு வந்தால், போனதை நினைத்து வருந்துவது. 'இல்லை' சேர்ந்து உடைமை வடிவத்தோடு வந்தால், பணத்தையோ உழைப்பையோ கணக்குப் பார்க்காமல் செலவழிப்பது. ஒரே வினை, மூன்று கூட்டாளிகள், மூன்று பொருள். பொருளைத் தீர்மானிப்பது வினையல்ல, பக்கத்தில் உட்காரும் சொல்தான் என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இதற்குமேல் கிராமத்து வழக்கு ஒன்று உண்டு. பல ரஷ்ய வட்டாரங்களில் ஒரு பெண் தன் கணவன் தன்னை 'ஷலேத்' செய்கிறான் என்று சொன்னால், அவன் தன்னை நேசிக்கிறான், பாசமாக வைத்துக்கொள்கிறான் என்று பொருள். இலக்கணம் பார்த்தால் 'இரக்கப்படுகிறான்' கட்டும் இதுவும் ஒன்றே, இரண்டிலும் நேர்ச் செயப்படுபொருள்தான். ஆகவே உருபு இங்கே உதவாது, யார் பேசுகிறார், யாரைப் பற்றி என்று பார்க்க வேண்டும். கணவன், மனைவி, குழந்தை போன்ற நெருங்கிய ஆட்கள் அந்த இடத்தில் வந்து, பேசுகிறவர் கிராமத்தவர் என்றால், அன்பு என்று படிப்பது பெரும்பாலும் சரியாக வரும். ரியாஸான் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த கவிஞர் யெசெனின் 1925-இல் எழுதிய ஒரு கவிதையின் முதல் வரி, நீ என்னை லியுபீத்தும் செய்யவில்லை ஷலேத்தும் செய்யவில்லை என்று இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது. நகரத்து வாசகர் அதைக் காதலும் இல்லை இரக்கமும் இல்லை என்று படிப்பார். கிராமத்துக் காதுக்கோ ஒரே இல்லாமையை இரண்டு முறை அழுத்திச் சொன்ன மாதிரி இருக்கும்.

சைபீரியா, ஊரல் பக்கம் போனால் ஒருவரைப் பிடித்துப்போவதற்கே வேறு வினை. பொது ரஷ்யத்தில் ந்ராவித்ஸா என்பார்கள், அங்கே க்ளியானெத்ஸா. பார்வையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல் இது, கண்ணுக்குப் பிடித்தது என்ற நிழல் அதில் இருக்கிறது. கட்டு மாறவில்லை: யாருக்குப் பிடித்ததோ அவர் 'கு' வடிவத்தில் ஒதுங்கி நிற்க, யாரைப் பிடித்ததோ அவர் எழுவாயாகிறார். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பதில் நமக்குப் பெண் 'ஐ' வாங்குகிறாள். அவர்களுக்கோ பெண்தான் வாக்கியத்தின் தலைவி. கோபத்துக்கும் இப்படி ஒரு இணை உண்டு. பொது வழக்கில் செர்தீத்ஸா, பழைய நாட்டுப்புறப் பேச்சில் செர்ச்சாத். இரண்டும் ஒரே 'ந' முன்னுருபைத்தான் எடுக்கும். கிழவர் ஒருவர் செர்ச்சாத் என்று சொன்னால் அந்தக் கோபத்தில் ஒரு வீட்டுப் பெரியவரின் தோரணை தானாக வந்துவிடும்.

அப்புறம் 'ரொம்ப'. இதை நான் கடைசியில் வைத்திருந்தாலும், புதிதாகப் படிக்கிறவர்கள் முதலில் பிடிக்க வேண்டியது இதைத்தான் என்று சொல்வேன், ஏனென்றால் இலக்கணமே தேவையில்லை. பொது ரஷ்யத்தில் ரொம்ப என்பதற்கு ஓச்சென். சைபீரிய, ஊரல் பாத்திரம் ஷீப்கா ஏங்குவார். டான் பக்கத்துப் போர்க்குடியான கசாக் தியூஷெ ஏங்குவார். ஆர்க்காங்கெல்ஸ்க் வடக்கில் பராதா. உணர்ச்சி வினை எதுவோ இருக்கட்டும், அதை எவ்வளவு என்று அளக்கிற சொல்தான் ஆளின் விலாசத்தைச் சொல்லிவிடுகிறது. கதையின் உரையாடலில் ஷீப்காவும் ஆசிரியரின் விவரிப்பில் ஓச்செனும் இருந்தால், ஆசிரியர் தன்னைப் பாத்திரத்திடமிருந்து ஒரு அடி தள்ளி நிறுத்திக்கொள்கிறார். விவரிப்பிலேயே ஷீப்கா வந்துவிட்டால் கதை சொல்கிறவரும் அதே திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார். இந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே படிப்பது நல்ல பயிற்சி.

இந்தக் கோட்டைப் பற்றி அங்கே பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஃபியோதர் பன்ஃபியோரவ் எழுதிய 'புருஸ்கி' நாவலை வைத்து 1934-இல் எழுந்த விவாதத்தில், உள்ளூர்ச் சொற்களைக் கொட்டி இலக்கிய மொழியைக் குப்பையாக்குகிறார்கள் என்று மக்சீம் கோர்க்கி கடுமையாக எழுதினார், கிராமத்து மொழிக்காக வாதாடிய மூத்த எழுத்தாளர் செரஃபிமோவிச் எதிர்ப்பக்கம். கோர்க்கியின் பக்கம் அதிகாரம் இருந்தது. டான் கரைக் கசாக்குகளைப் பற்றி ஷோலகவ் எழுதிய புகழ்பெற்ற நாவலே கத்திரிக்குத் தப்பவில்லை, 1953 பதிப்பில் பல வட்டாரச் சொற்கள் பொது ரஷ்யமாக மாற்றப்பட்டன, பின்னால் வந்த பதிப்புகளில் பல திரும்பி வந்தன. பதிப்பாசிரியர் கண்ணில் முதலில் படுவது புரியாத பெயர்ச்சொல்தான், அதை அடிப்பது சுலபம். ஒரு முன்னுருபோ, 'கு' வடிவமோ, சாயும் தஸ்காவோ அப்படி உறுத்துவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக எல்லோருக்கும் தெரிந்த சொல்.

அதே காரணத்தால் மொழிபெயர்ப்பில் முதலில் காணாமல் போவதும் இதுதான். முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா புத்தகங்களில் ரஷ்ய இலக்கியத்தைப் படித்து வளர்ந்த நமக்கு, டான் கரைக் கசாக்கும் பீட்டர்ஸ்பர்க் குமாஸ்தாவும் ஏறக்குறைய ஒரே தமிழில்தான் ஏங்கினார்கள். மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல மாட்டேன், 'ஸ்குச்சாயு ஸ தபோய்'க்குத் தமிழில் என்ன செய்வது? வேறு உருபு போட்டால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள், நெல்லைத் தமிழில் போட்டால் கசாக்கைத் தாமிரபரணிக்குக் கொண்டுவந்த மாதிரி ஆகிவிடும்.

ரஷ்ய எழுத்துகளை வாசிக்கப் பழகியவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2004-இல் இணையத்தில் திறக்கப்பட்ட ரஷ்ய மொழியின் தேசியத் தரவகத்தில் எந்த வினையையும் போட்டு, அதன் பக்கத்தில் எந்த முன்னுருபு, எந்த வேற்றுமை வருகிறது என்று தேடலாம். வட்டாரப் பேச்சுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஸ்குச்சாத் என்று போட்டு, அடுத்த சொல்லாக 'ஸ' என்று கேட்டுப் பாருங்கள், வந்த வரிகளை யார் எழுதியது, அந்தப் பாத்திரம் எந்த ஊர் என்று கூடவே பாருங்கள். ஒரு எச்சரிக்கை: 'ஸ' இருந்தாலே தெற்கத்திக்காரர் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்ட வேண்டாம், அதே 'ஸ' பொது ரஷ்யத்தில் 'பின்னால்', 'கொண்டுவர', 'பதிலாக' என்று வேறு பத்து வேலைகளும் பார்க்கிறது. தேடலில் வருகிற வரிகளில் பாதி அந்த வேலைகளாகவும் இருக்கக்கூடும், அவற்றைக் கையால்தான் பொறுக்கிக் கழிக்க வேண்டும்.